சிங்கப்பூரில் விளையாட்டுச் சந்திப்பு நடத்துவது எப்படி: புதியவருக்கு முதல் நாற்காலி

சிங்கப்பூரில் தமிழர்கள் ஒன்றுகூடுவதற்கான காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் திருவிழா, திருமணம், நூல் வெளியீடு, பட்டிமன்றம் என்று வார இறுதிதோறும் ஏதேனும் ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் நாம் வரிசையாக அமர்ந்து மேடையைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்களிடம் நலம் விசாரித்துவிட்டு, சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் பெயர்கூடத் தெரியாமல் போய்விடுகிறது. பலகையையோ சீட்டுக்கட்டையோ நடுவில் வைத்து நால்வர் சுற்றி அமரும் சந்திப்பில் அப்படி நேர வழியே இல்லை. ஒருவர் யோசிக்கும் விதமும் விட்டுக்கொடுக்கும் விதமும் ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

இக்கட்டுரை, அத்தகைய சந்திப்புக்கு முதன்முறையாகச் செல்ல நினைப்பவர்களுக்காகவும், தம் வட்டாரத்திலேயே ஒன்றைத் தொடங்க விரும்புகிறவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. இத்தகைய சந்திப்புகளில் கலந்துகொண்டும் சிலவற்றை முன்னின்று நடத்தியும் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான். அலமாரி நிறைய விளையாட்டுகளை வைத்திருப்பதால் ஒரு சந்திப்பு நிலைப்பதில்லை. உள்ளே வரும் புதியவர் பத்து நிமிடத்திற்குள் ஆட்டத்தில் இருந்தால் நிலைக்கிறது.

முதலில் ஒன்றுக்குப் போய்வாருங்கள்

சொந்தமாகத் தொடங்குமுன் வேறொருவர் நடத்தும் சந்திப்புக்கு ஒரு தடவையாவது சென்று பாருங்கள். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் பலகை விளையாட்டுக் கஃபேக்கள் இங்கே உண்டு. அங்குள்ள பணியாளர்களே விதிகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். சமூக மன்றங்களிலும் வசிப்போர் குழுக்களிலும் சதுரங்கம், கேரம், மாஜோங் விளையாடும் குழுக்களைக் காணலாம். அங்கே ஆட்டத்தைவிட நடத்துநரைக் கவனியுங்கள். தாமதமாக வந்தவரை அவர் எங்கே உட்காரவைக்கிறார், விதியை எத்தனை வாக்கியங்களில் சொல்கிறார், சளைத்துப்போன மேசையை எப்படி மாற்றுகிறார் என்பவை எந்த விதிப்புத்தகத்திலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

ஆட்களும் நாளும்

ஆறு பேருடன் தொடங்குவது நல்லது. நால்வர் மட்டும் என்றால் ஒருவர் வராவிட்டாலும் ஆட்டம் தடுமாறும். பத்துப் பேர் என்றால் முதல் சந்திப்பிலேயே மூன்று மேசைகளை ஒருவரே கவனிக்க வேண்டிவரும். அந்த ஆறு பேரில் ஒருவராவது உங்களைப் போலவே ஓர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். எல்லாரும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் பேச்சு அலுவலகத்திற்கே திரும்பும் என்பதால், வெவ்வேறு வயதினரையும் பின்னணியினரையும் கலந்து அழைப்பதே என் விருப்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஆகிய மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால், மூவரும் மூன்று விதமான சீட்டாட்டத்தைக் கொண்டுவருவார்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் “எப்போது வசதி?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பதில் வராது. இரண்டு தேதிகளைக் கொடுத்து வாக்கெடுப்பு வையுங்கள். அதிக வாக்கு பெற்றதை அன்றே உறுதிசெய்துவிடுங்கள். அதன்பிறகு “மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை 4 மணி” என்பதுபோல நிலையான நாளாக வைத்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் கேட்கும் வேலை இல்லை. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பிஎஸ்எல்இ, ஓ நிலைத் தேர்வுக் காலங்களில் வரமாட்டார்கள்; ஜூன், டிசம்பர் விடுமுறையில் வெளிநாடு போய்விடுவார்கள். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் ஆள் குறைந்த மாதங்களில் மனம் சோர வேண்டியதில்லை. விடுதிகளில் தங்கி வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களையும் அழைக்க நினைத்தால் ஞாயிற்றுக்கிழமையே சரி. அழைக்க வேண்டும் என்பதே என் கருத்து. கேரமும் சீட்டும் அவர்களில் பலருக்கு நம்மைவிட நன்றாகக் கைவரும்.

இடம்

வீடு எளிது, ஆனால் அறிமுகமில்லாதவரை முதல் சந்திப்பிலேயே வீட்டுக்கு அழைப்பது இரு பக்கத்தாருக்கும் தயக்கத்தைத் தரும். பழகிய பிறகு வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம். வீட்டில் நடத்தும்போது இரவில் நேரமானபின் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கேரம் காய் மோதும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும் என்பதை ஆட்டத்தில் இருப்பவர்கள் உணர்வதில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசைகள் பலவற்றில் சதுரங்கக் கட்டங்களே பதிக்கப்பட்டிருக்கும். ஐந்தாறு பேர் அமர்ந்து விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது. காற்று வரும், போகிற வருகிற அண்டைவீட்டார் நின்று பார்ப்பார்கள், அவர்களிலிருந்தே அடுத்த ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். காற்றே அங்கே எதிரியும்கூட என்பதால், எடைகுறைந்த சீட்டுகளும் காகிதப் பணமும் உள்ள விளையாட்டுகளை அங்கே தவிர்த்துவிடுங்கள். சொந்த மேசை நாற்காலிகளைப் போட்டுப் பெரிதாக நடத்துவதானால் நகர மன்றத்திடம் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும்.

பன்னிரண்டு பேரைத் தாண்டிவிட்டால் சமூக மன்றத்தில் ஓர் அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது பொருத்தம். வாடகையைப் பங்கிட்டு, சந்திப்பு தொடங்குமுன்பே பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழி பெற்றுக்கொண்டால் கடைசியில் கணக்குப் பார்க்கும் சங்கடம் இராது. உணவங்காடி நிலையத்தில் மதிய, இரவு உணவு நேரங்களில் மேசையைப் பிடித்துவைத்துக்கொண்டு விளையாடக் கூடாது. நூலகத்தில் சிரித்துப் பேசி ஆடும் விளையாட்டுகள் சரிவராது.

பணம் வைத்து ஆடாதீர்கள்

இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி, யாரும் அதை நடத்திச் சம்பாதிக்காமல் ஆடுவதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. கீழ்த்தளத்திலோ வேறு பொது இடத்திலோ பணம் வைத்து ஆடுவது குற்றம். ஐம்பது காசு வைத்தாலும் அது சூதாட்டம்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சீட்டு என்றாலே குடும்பத்தைக் கெடுப்பது என்ற நினைப்பு நம்மவர்களில் மூத்த தலைமுறையினருக்கு, அதிலும் பெண்களுக்கு, பட்டறிவிலிருந்து வந்தது. அவர்களும் பிள்ளைகளும் நம்பி உட்கார வேண்டுமானால், “இங்கே பணம் இல்லை” என்பதை அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். புள்ளிக்குப் புளியங்கொட்டை போதும். ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை நடுவில் வைத்தால், ரம்மி ஆடும் ஆர்வம் ஒரு துளியும் குறைவதில்லை.

எந்த விளையாட்டுகளை எடுத்துச்செல்வது

முதல் சந்திப்புக்கு நான்கு விளையாட்டுகள் போதும்: வருகிறவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கக்கூடிய ஒன்று, இருபது நிமிடத்தில் முடியும் ஒன்று, ஒரு மணி நேரம் ஆழ்ந்து ஆடும் ஒன்று, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்று. கடைசியில் சொன்னதை அற்பமாக எண்ண வேண்டாம். ஊனோ, கழுதை போன்ற சீட்டாட்டமோ கேரமோ கையில் இருந்தால், புதிய விதிகளைக் கேட்டு மிரண்டவர்கள் வந்து ஒதுங்க ஓர் இடம் இருக்கும்.

ஆழ்ந்து ஆடும் விளையாட்டுக்குப் பலரும் எடுத்த எடுப்பில் கட்டான் என்ற பலகை விளையாட்டை முன்வைப்பார்கள். 1995இல் ஜெர்மனியில் வெளியான அந்த விளையாட்டு நல்ல விளையாட்டுதான்; மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது ஆகியவற்றைப் பேரம்பேசி மாற்றிக்கொள்ளும் இடம் நம்மவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தொடக்கத்தில் வீடுகளைத் தவறான இடத்தில் வைத்துவிட்ட புதியவர் அடுத்த ஒரு மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும். விரிவாக்கப் பெட்டி இல்லையென்றால் நால்வருக்கு மேல் ஆடவும் முடியாது. நான் பரிந்துரைப்பது 2004இல் வெளியான டிக்கெட் டு ரைட். ஐவர் வரை ஆடலாம். ஒரு முறையில் செய்யக்கூடியவை மூன்றே மூன்று: வண்ணச் சீட்டு எடுக்கலாம், ரயில் பாதை போடலாம், அல்லது புதிய பயணச்சீட்டு எடுக்கலாம். இரண்டாவது சுற்றிலேயே புதியவர் யாருடைய உதவியும் இல்லாமல் ஆடுவதைப் பார்க்கலாம்.

ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் மூத்தோர் வருவார்கள் என்றால், சீட்டில் எழுத்தே இல்லாத விளையாட்டுகளாகப் பாருங்கள். வண்ண ஓடுகளை அடுக்கும் அசூலும், படங்களைப் பார்த்துக் கதை சொல்லும் திக்சித்தும் அத்தகையவை. திக்சித்தில் குறிப்பைத் தமிழிலேயே சொல்லலாம். ஒரு பழமொழியையோ ஒரு வரித் தாலாட்டையோ பாட்டி குறிப்பாகச் சொல்ல, பேரப்பிள்ளைகள் அது எந்தப் படம் என்று தேடுவது பார்க்கவே இனிமையாக இருக்கும்.

நம் மரபு விளையாட்டுகளுக்கும் ஒரு மேசை ஒதுக்குங்கள். ஆடுபுலி ஆட்டத்திற்குத் தாளும் பேனாவும் கற்களும் போதும். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். இருவர் ஆட, நால்வர் நின்று யோசனை சொல்லும் ஆட்டம் அது. பல்லாங்குழியை எடுத்துச்சென்றால் மலாய் அண்டைவீட்டார் உடனே அருகில் வருவார்கள், ஏனெனில் அவர்களுடைய சொங்காக் அதற்கு நெருங்கிய உறவு. நம்முடையதில் குழியில் நான்கு காய் சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வதையும், அவர்களுடையதில் ஓரத்துப் பெரிய குழியில் காய் சேர்ப்பதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே ஒரு மாலையைக் கழிக்கலாம்.

சொல்லிக்கொடுப்பது

சந்திப்பு சிறப்பதும் சிதைவதும் இங்கேதான். விதிப்புத்தகத்தை மேசையில் விரித்து உரக்கப் படிப்பதைப்போல் ஒரு கூட்டத்தைச் சோர்வடையச் செய்வது வேறில்லை. முந்தைய நாள் வீட்டில் தனியாக இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே ஆடிப் பாருங்கள். அப்போதுதான் எங்கே சந்தேகம் வரும் என்பது தெரியும்.

மேசையில் சொல்லும்போது யார் வெற்றி பெறுவார் என்பதை முதலில் சொல்லுங்கள். அடுத்து, தம் முறை வரும்போது ஒருவர் என்னென்ன செய்யலாம் என்பதையும், ஆட்டம் எப்போது முடியும் என்பதையும் சொல்லுங்கள். அவ்வளவுதான், தொடங்கிவிடுங்கள். விதிவிலக்குகளை அவை வரும்போது சொன்னால் போதும். “இப்படி ஒன்று வரலாம், வந்தால் சொல்கிறேன்” என்று முன்பே எச்சரித்துவிட்டால் பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ளமாட்டார்கள். சீட்டாட்டமாக இருந்தால் முதல் கையை எல்லாரும் திறந்துவைத்து ஆடுங்கள். இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதின்மூன்று சீட்டை எப்படிப் பிரிப்பது, ஜோக்கர் இல்லாத வரிசை ஒன்று ஏன் கட்டாயம் என்பதையெல்லாம் ரம்மி தெரியாதவர் திறந்த கையைப் பார்த்து மூன்று நிமிடத்தில் புரிந்துகொள்வார். வாயால் சொன்னால் முப்பது நிமிடம் ஆகும்.

ஆட்டம் தொடங்கியபின் புதியவருக்காக நீங்கள் ஆடிவிடாதீர்கள். “அந்தச் சீட்டைப் போடுங்கள் அக்கா” என்பது உதவிபோலத் தோன்றினாலும், அவருடைய ஆட்டத்தை அவரிடமிருந்து பறித்துக்கொள்வதாகும். கேட்டால், இருக்கும் வழிகள் இரண்டையும் சொல்லி, தேர்வை அவரிடம் விடுங்கள்.

தமிழில் ஒரு சொல் விளையாட்டு

கோட்நேம்ஸ் 2015இல் வெளியானது. ஐந்துக்கு ஐந்தாக அடுக்கிய இருபத்தைந்து சொற்களில் ஒவ்வோர் அணிக்கும் சில சொற்கள் சொந்தம். முதலில் ஆடும் அணிக்கு ஒன்பது, மற்றதற்கு எட்டு. ஏழு சொற்கள் யாருக்கும் சொந்தமில்லை. மீதமுள்ள ஒன்றைத் தொட்டால் அந்த அணி அக்கணமே தோற்கும். எந்தச் சொல் யாருடையது என்பது குறிப்புக் கொடுக்கும் இரு தலைவர்களுக்கு மட்டும் தெரியும். தலைவர் ஒரு குறிப்புச் சொல்லையும், அது தம் அணியின் எத்தனை சொற்களைக் காட்டுகிறது என்ற எண்ணையும் மட்டும் சொல்லலாம்.

பெட்டியில் வரும் ஆங்கிலச் சொற்களை எடுத்துவைத்துவிட்டு, தடித்த அட்டையை வெட்டித் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். கட்டங்கள் வரைந்த விடைச்சீட்டில் மொழி ஏதும் இல்லாததால் அதை அப்படியே பயன்படுத்தலாம். மாலை, படி, ஆறு, திங்கள், மணி, அடி, வேங்கை, கலை, இசை, நகை, தாள், பால் போன்ற பல பொருள் தரும் சொற்களாகத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் சூடுபிடிக்கும். இருநூறு சொற்கள் எழுதினால் ஓராண்டுக்குத் தாங்கும்.

நாங்கள் ஆடிய ஒரு மாலையில், உயர்நிலை இரண்டில் படிக்கும் பெண் ஒருத்தி “கோயில், மூன்று” என்று குறிப்புக் கொடுத்தாள். அவளுடைய அணியில் அவளுடைய பெரியம்மாவும், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவரும் இருந்தனர். மாலையையும் மணியையும் இருவரும் தயங்காமல் தொட்டார்கள். மூன்றாவது திங்களா படியா என்று பெரியம்மா நெடுநேரம் யோசித்தார். சோமவாரத்திற்குக் கோயிலுக்குப் போவோமே என்பது அவர் கணக்கு. “குளத்துப் படிங்க ஆன்ட்டி” என்றார் அந்த இளைஞர். படிதான் சரி, திங்கள் எதிரணியின் சொல். அந்தப் பெண் வீட்டில் தமிழ் பேசத் தயங்குகிறவள் என்று அவளுடைய பெரியம்மா பிறகு சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி ஏதேனும் செய்ய நினைக்கும் குழுக்களுக்கு இந்த விளையாட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

விதியை முன்பே பேசிவிடுங்கள்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விதி உண்டு. சண்டை வருவது அதனால்தான். ஊனோவில் கூட்டல் இரண்டு (+2) சீட்டின் மேல் இன்னொரு கூட்டல் இரண்டைப் போடலாம் என்று பலர் ஆடுவார்கள். தயாரிப்பாளர் விதிப்படி அது கூடாது. கேரமில் சிவப்புக் காயைப் போட்டபின் சொந்தக் காய் ஒன்றைப் போட்டு அதை உறுதிசெய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கட்டைவிரலால் அடிக்கலாமா, அபராதக் காயை எங்கே வைப்பது என்பவற்றில்தான் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். யாழ்ப்பாணத்தாரின் ‘முந்நூற்று நான்கு’ என்ற சீட்டாட்டத்தில் முப்பத்திரண்டு சீட்டுகள் மட்டுமே. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஒரு வகைக்கு 76 புள்ளிகளும், நான்கு வகைக்கும் சேர்த்து 304 புள்ளிகளும் வரும். ராஜாவே பெரியது என்று பழகியவருக்கு ஒன்பது ராஜாவை வெட்டுவது முதலில் அநியாயமாகத் தோன்றும். ஆகவே தொடங்குமுன் சர்ச்சைக்குரிய மூன்று நான்கு விதிகளைக் கேட்டு முடிவுசெய்து ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். நடுவில் தகராறு வந்தால் அன்றைக்குத் தாளில் உள்ளதே தீர்ப்பு.

மேசைகளை ஒன்றாக முடியவிடுங்கள்

இரண்டு மேசைகள் போட்டால், ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடியும் ஆட்டங்களை வையுங்கள். ஒரு மேசை இருபது நிமிடத்தில் முடிந்து மற்றது ஒன்றரை மணி நேரம் ஓடினால், முதல் மேசைக்காரர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஒன்றாக முடிந்தால் ஆட்களை மாற்றி அமர்த்தலாம். கணவன் மனைவியையும் நெருங்கிய நண்பர்களையும் இரண்டாவது சுற்றில் வெவ்வேறு மேசைகளுக்கு அனுப்புங்கள். ஏழு பேர் இருந்தால் மூவராகவும் நால்வராகவும் பிரியுங்கள். எழுவரும் ஒரே ஆட்டத்தில் இருந்தால் தம் முறை வரும்வரை காத்திருந்தே அலுத்துவிடும். தாமதமாக வருகிறவருக்காக நின்றிருக்கும் ஆட்டத்தை யாரும் ரசிப்பதில்லை. தொடக்கத்தில் கோட்நேம்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அவர் வந்ததும் ஏதேனும் ஓர் அணியில் உட்கார்ந்துகொள்வார்.

தின்பதும் பொருளைக் காப்பதும்

முறுக்கும் பஜ்ஜியும் மேசைக்கு வரக் கூடாது. எண்ணெய்க் கை பட்ட சீட்டு அடையாளம் காட்டிவிடும். பிறகு அந்தக் கட்டை வைத்து நேர்மையாக ஆட இயலாது. கச்சாங் பூத்தே கடலை, உலர்ந்த பழம், தோல் உரித்த ஆரஞ்சு ஆகியவற்றைத் தனி மேசையில் வைத்து, ஆட்ட இடைவேளையில் சாப்பிடச் சொல்லுங்கள். முஸ்லிம் நண்பர்களும் சைவ உணவுக்காரர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையை ஏற்படுத்தாமல், எது ஹலால், எது சைவம் என்று முன்பே எழுதிவையுங்கள். தேநீர்க் குவளைகளுக்கு மூடி இருக்கட்டும்.

நம் நாட்டு ஈரக்காற்றில் சீட்டுகள் வளைந்துவிடும். அடிக்கடி ஆடும் விளையாட்டுகளின் சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். உறை வாங்குமுன் சீட்டை அளந்துகொள்வது முக்கியம், எல்லாம் 63க்கு 88 மில்லிமீட்டர் அல்ல. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டுவையுங்கள். கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும், படுக்கவைப்பதே சரி. ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணிப் பெட்டியில் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் பெரியவர்களைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

முதன்முறை செல்பவருக்கு

ஒரு விளையாட்டும் தெரியாது என்று தயங்காதீர்கள். “எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்” என்று வந்தவுடன் சொல்லிவிட்டால், நல்ல நடத்துநர் அதற்கேற்ற மேசையில் உங்களை அமர்த்துவார். ஒப்புக்கொண்ட ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழாதீர்கள். நேரம் இல்லையென்றால் சிறிய ஆட்டத்தைக் கேளுங்கள். தோற்றால் முகம் சுளிக்காமலும் வென்றால் அடுத்தவரின் தவற்றை விளக்கிக் காட்டாமலும் இருப்பது போதும், அடுத்த மாதம் உங்களைத் தேடுவார்கள். ஒரு மேசையில் யாரேனும் அதட்டலாகவோ கிண்டலாகவோ நடந்துகொண்டால் நடத்துநரிடம் தனியே சொல்லுங்கள். நடத்துபவர் அதைத் தள்ளிப்போடாமல் அன்றே அவரிடம் பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டால் வராமல் நின்றுபோவது எப்போதும் அமைதியானவர்கள்தாம்.

கூட்டம் பெருகும்போது

பதினாறு, பதினெட்டுப் பேர் தவறாமல் வரத் தொடங்கினால், பெரிய அறையைத் தேடுவதற்குப் பதிலாகக் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கத்தார் ஓரிடத்திலும், ஜூரோங் பக்கத்தார் இன்னோரிடத்திலும் கூடினால் எம்ஆர்டி பயண நேரமும் மிச்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரு குழுக்களும் சேர்ந்துகொள்ளலாம். பிரிக்கும்போது சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இருவராவது ஒவ்வொரு பக்கமும் இருக்கும்படி முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பெட்டிகளை எப்படிப் பங்கிடுவது என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.